வியட்நாமுக்குப் படிக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: புத்தர் கோயில், ஊதுபத்தி, போர்

ஹுவே நகரில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டுத் திரும்பியதிலிருந்து, வியட்நாம் போகிற ஜூனியர்கள் என்னிடம் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். விசாவுக்கும் விமான டிக்கெட்டுக்கும் பதில் எங்கும் கிடைக்கும். கோயிலில் எப்படி நிற்பது, போரைப் பற்றி யாரிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லத்தான் ஆள் குறைவு. அதனால் இந்த இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அங்கே இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன என்பது எனக்குப் புரிவதற்கே இரண்டு மாதம் ஆனது.

வியட்நாம் பௌத்த நாடுதானே?

2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. ஒன்பதரைக் கோடிக்கு மேற்பட்ட மக்களில் தங்களைப் பௌத்தர் என்று பதிந்துகொண்டவர்கள் சுமார் 46 லட்சம் பேர்தான். கத்தோலிக்கர்கள் அதைவிட அதிகம், சுமார் 59 லட்சம். பெரும்பாலோர் 'மதம் இல்லை' என்றே பதிந்திருக்கிறார்கள்.

ஆனால் பௌர்ணமி அன்றோ சந்திர மாதத்தின் முதல் நாளோ ஏதாவது ஒரு கோயிலுக்குப் போய்ப் பாருங்கள், கால் வைக்க இடம் இருக்காது. அங்கே 'மதம்' என்ற சொல் ஓர் அமைப்பில் சேர்ந்திருப்பதைக் குறிக்கிறது. வீட்டில் முன்னோருக்கு ஊதுபத்தி ஏற்றுவதும், பௌர்ணமிக்குச் சைவம் சாப்பிடுவதும், பரீட்சைக்கு முன்னால் கோயிலுக்குப் போவதும் மதமாக அவர்களுக்குத் தோன்றுவதில்லை, பழக்கம்தான். என் வகுப்புத் தோழி ஒருத்தி தனக்கு மதமே இல்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிடம் தாத்தாவின் படத்துக்கு முன்னால் மூன்று தடவை குனிந்து கும்பிட்டாள். அவள் சொன்னதிலும் செய்ததிலும் அவளுக்கு எந்த முரணும் இல்லை.

கோயிலுக்குள் என்ன இருக்கும்? இலங்கை விகாரை மாதிரியா?

இல்லை. இலங்கையில் இருப்பது தேரவாதம் என்ற பௌத்தப் பிரிவு. வியட்நாமில் பெரும்பாலும் மகாயானம் என்ற இன்னொரு பிரிவு. கோயிலைச் 'சுவா' என்கிறார்கள். சாக்கியமுனி புத்தரோடு அமிதாப புத்தரும், கருணையின் வடிவமான அவலோகிதேசுவரரும் இருப்பார்கள். அவலோகிதேசுவரரை அங்கே பெண் வடிவில், வெள்ளை உடையில், 'குவான் ஆம்' என்று கும்பிடுகிறார்கள். கோயில் முற்றத்திலும் மீனவர் ஊர்களிலும் கடலைப் பார்த்தபடி நிற்கும் உயரமான வெள்ளைச் சிலை அவர்தான். நம்மூர் அம்மனிடம் பேசுவதுபோலவே அவரிடம் பேசுகிறார்கள்.

பல கோயில்களில் புத்தர் மண்டபத்துக்குப் பின்னால் குரு பரம்பரைக்கென்று தனி இடம் இருக்கும். அங்கே தாடியும் உருண்ட கண்களுமாக ஒருவர் இருந்தால் உற்றுப் பாருங்கள். அவர் போதிதர்மர். தென்னிந்தியாவிலிருந்து சீனா போனவர் என்பது மரபு, காஞ்சிபுரம் என்று நாம் சொல்கிறோம். நான் அந்த ஊர்ப்பக்கத்திலிருந்து வருகிறேன் என்றதும் ஒரு பிக்குணி என்னை அந்தப் படத்துக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தி, 'உங்கள் ஊர்க்காரர்' என்று சிரித்தார்.

இன்னொன்று. ஹனோயின் மேற்கு ஏரிக் கரையில் திரான் குவோக் கோயில் இருக்கிறது. அங்குள்ள போதிமரம் 1959-இல் நம் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் கொண்டுபோய்க் கொடுத்தது.

உள்ளே எப்படி நடந்துகொள்வது?

தோளும் முழங்காலும் மூடிய உடை. வாசல் மூன்றாக இருந்தால் நடு வாசலை விட்டுவிட்டுப் பக்க வாசலில் நுழையுங்கள். வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போங்கள். மற்றவர்கள் செருப்பைக் கழற்றியிருந்தால் நீங்களும் கழற்றுங்கள். இதெல்லாம் நமக்குப் பழகியதுதான். ஊதுபத்தி ஒன்றோ மூன்றோ போதும், கட்டாகக் கொளுத்தவேண்டாம். பூஜை நடக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள். அப்படியே எடுப்பதானாலும், கும்பிட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தை எடுக்காதீர்கள். துறவியை 'தாய்' என்று அழைப்பார்கள், ஆசிரியர் என்று பொருள்.

நான் பௌத்தர் இல்லை. கும்பிடலாமா?

தாராளமாக. யாரும் உங்கள் மதத்தைக் கேட்கமாட்டார்கள். கும்பிட விருப்பமில்லை என்றால் ஓரமாக அமைதியாக உட்கார்ந்திருங்கள், அதையும் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். மாலைப் பூஜையில் மர மீன் என்ற தாளக்கருவியைத் தட்டிக்கொண்டே 'நாம் மோ ஆ யி தா ஃபத்' என்று சொல்வார்கள். 'நமோ அமிதாப புத்தாய' என்பதுதான் சீன உச்சரிப்பு வழியாக இப்படி ஆகியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

படைத்த பழத்தைத் திருப்பித் தருவார்கள். அதற்கு 'லோக்' என்று பெயர். பிரசாதம்தான், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

தியென் மு கோயிலில் ஒரு பழைய கார் நிற்கிறதாமே, அது என்ன?

ஹுவேயில் நறுமண ஆற்றின் கரையில் 1601-இல் நிறுவப்பட்ட கோயில் அது. முன்னால் ஏழு நிலைக் கோபுரம், பின்னால் பைன் மரங்கள். உள்ளே ஒரு கொட்டகையில் வெளிர் நீல நிற ஆஸ்டின் கார் ஒன்று இருக்கிறது. 1963 ஜூன் 11 அன்று திக் குவாங் டுக் என்ற முதிய துறவி சைகோனில் (இன்றைய ஹோ சி மின் நகரம்) ஒரு நாற்சந்திக்கு இந்தக் காரில்தான் வந்து இறங்கினார். நடுச்சாலையில் பத்மாசனத்தில் அமர்ந்து தீக்குளித்தார். மால்கம் பிரவுன் எடுத்த அந்தப் புகைப்படத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். படத்தில் பின்னால் தெரியும் கார் இதுதான்.

அவர் அமெரிக்கப் போரை எதிர்த்துத் தீக்குளித்தார் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. தென் வியட்நாமை அப்போது ஆண்ட ஙோ டின் சியெம் கத்தோலிக்கர், அவருடைய அண்ணன் ஹுவேயின் பேராயர். அந்த ஆண்டு புத்தர் பிறந்தநாளுக்குப் பௌத்தக் கொடி ஏற்றக்கூடாது என்று அரசு சொன்னது. சில நாள் முன்னால்தான் அதே ஊரில் வாடிகன் கொடிகள் பறந்திருந்தன. மே 8 அன்று ஹுவே வானொலி நிலையத்தின் முன் கூடியவர்கள் மேல் படையினர் நடத்திய தாக்குதலில் குறைந்தது எட்டுப் பேர் இறந்தார்கள், அவர்களில் சிறுவர்களும் உண்டு. ஒரு மாதம் கழித்துத் திக் குவாங் டுக் கேட்டது மதச் சமத்துவம். ஆகஸ்டில் சைகோனின் சா லோய் கோயிலுக்குள் படைகள் புகுந்து துறவிகளைக் கைது செய்தன. நவம்பரில் ராணுவப் புரட்சியில் சியெம் கொல்லப்பட்டார்.

தடை செய்யப்பட்ட அந்தக் கொடி 1885-இல் கொழும்பில் உருவானது. ஐந்து நிறப் பட்டைகள் கொண்ட அதே கொடிதான் இன்றைக்கு வெசாக் சமயத்தில் ஹுவே தெருவெங்கும் பறக்கிறது.

அந்தக் காரைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அங்குள்ளவர்கள் அதை ஒரு பரபரப்பான காட்சிப் பொருளாகப் பார்ப்பதில்லை. அந்தத் துறவியை அவர்கள் போதிசத்துவர், அதாவது பிறரின் துன்பம் தீர்க்கத் தன்னையே தருபவர், என்கிறார்கள். தகனத்துக்குப் பிறகும் எரியாமல் எஞ்சியதாக அவருடைய இதயத்தைப் புனிதப் பொருளாகப் போற்றுகிறார்கள். ஹுவேயில் பிறந்த துறவி திக் நியாட் ஹான் 1965-இல் மார்ட்டின் லூதர் கிங்குக்கு எழுதிய கடிதத்தில், இதைத் தற்கொலை என்று பார்க்கக்கூடாது என்று விளக்க முயன்றார். எனக்கு அந்த விளக்கம் முழுதாக மனதில் இறங்கவில்லை. ஒரு மனிதர் எரிந்துபோனார் என்பதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அந்தக் கொட்டகை முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு வந்தேன்.

'வியட்நாம் போர்' என்று சொல்லலாமா?

சொன்னால் புரியும், ஆனால் அவர்கள் அப்படிச் சொல்வதில்லை. பாடப்புத்தகத்தில் அது 'நாட்டைக் காக்க அமெரிக்காவை எதிர்த்து நடந்த போர்'. பேச்சில் 'அமெரிக்கப் போர்'. அவர்களுக்கு அது பல போர்களில் ஒன்று. 1946 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர்களோடு, 1979-இல் சீனாவோடு, அதே காலத்தில் கம்போடியாவில். இன்னும் பின்னால் போனால் 13-ஆம் நூற்றாண்டில் மங்கோலியப் படைகளைத் துரத்திய மன்னர் திரான் ஞான் தோங் வருகிறார். வென்ற பிறகு அரியணையை விட்டு இறங்கி, யென் து மலையில் துறவியாகி, திருக் லாம் என்ற தியான மரபைத் தொடங்கியவர் அவர். படை நடத்திய அரசர் துறவியாக முடிந்தது அங்கே குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த கதை. அதனால்தானோ என்னவோ, போர்க் கதையும் புத்தர் கதையும் ஒரே மூச்சில் வருவது அவர்களுக்கு இயல்பாக இருக்கிறது.

அமெரிக்கர்கள் மேல் கோபம் இருக்கிறதா?

நான் பார்த்தவரை இல்லை. இன்றைய மக்களில் பெரும்பாலோர், போர் முடிந்த 1975-க்குப் பிறகு பிறந்தவர்கள். 1995-இல் இரு நாடுகளும் உறவைப் புதுப்பித்துக்கொண்டன. என் வகுப்பில் இருந்த அமெரிக்க மாணவர்களை எல்லாரும் அன்பாகத்தான் நடத்தினார்கள்.

ஆனால் கோபம் இல்லை என்பதை வலி இல்லை என்று புரிந்துகொள்ளாதீர்கள். 1995-இல் வியட்நாம் அரசு வெளியிட்ட கணக்கில் இறந்த பொதுமக்கள் 20 லட்சம், வென்ற கம்யூனிஸ்ட் வடக்குத் தரப்பில் போரிட்டு இறந்தவர்கள் 11 லட்சம். தெற்கு ராணுவத்தில் இறந்தவர்கள் இதில் சேரவில்லை, அவர்கள் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கலாம் என்பது மதிப்பீடு. இறந்தவர் இல்லாத வீடு அபூர்வம்.

போரும் வழிபாடும் ஒரே இடத்தில் இருக்கின்றன என்றீர்களே, எப்படி?

இதைச் சொல்லத்தான் மற்ற எல்லாம்.

வீட்டில், சொந்தங்கள் சூழ, முறையாகச் செத்தவர் முன்னோராகி வீட்டுப் பீடத்துக்கு வருகிறார். வெளியூரில், அகாலமாக, உடல்கூடக் கிடைக்காமல் செத்தவருக்கு அந்த இடம் இல்லை. அவர் பசியோடும் குளிரோடும் அலைகிற ஆவியாகிவிடுகிறார் என்பது நம்பிக்கை. இப்போது ஒரு போரை நினைத்துப் பாருங்கள். லட்சக்கணக்கானோரின் எலும்புகள் இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களிலும் லட்சக்கணக்கானோருக்குப் பெயர் தெரியவில்லை. குவாங் திரி மாகாணத்தில் உள்ள திருவோங் சோன் தேசிய இடுகாட்டில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல் கல்லறைகள். நாட்டின் பல இடுகாடுகளில் வரிசை வரிசையாக 'பெயர் அறியப்படாத தியாகி' என்று மட்டுமே எழுதியிருக்கும். வருகிறவர்கள் தங்கள் சொந்தக்காரர் கல்லறையோடு நிறுத்திக்கொள்வதில்லை. பக்கத்தில் இருக்கிற பெயரில்லாத கல்லறைகளுக்கும் ஆளுக்கொரு ஊதுபத்தி வைக்கிறார்கள்.

சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதப் பௌர்ணமி, வு லான் நாள். தாயை மீட்ட புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர் கதையோடு சேர்ந்தது. கோயிலில் தாய் உயிரோடு இருப்பவர்கள் சிவப்பு ரோஜாவும் இல்லாதவர்கள் வெள்ளை ரோஜாவும் சட்டையில் குத்திக்கொள்வார்கள். அதே நாட்களில் வாசலில் கஞ்சி, உப்பு, அரிசி, பொரி வைத்து அலைகிற ஆவிகளுக்குப் படைப்பார்கள். யாருடைய ஆவி, எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று அந்தக் கஞ்சி கேட்பதில்லை.

ஹுவேயில் இன்னொரு வழக்கமும் உண்டு. 1885 ஜூலையில் அப்போது தலைநகராக இருந்த ஹுவேயைப் பிரெஞ்சுப் படை பிடித்த இரவில் இறந்தவர்களுக்காக, ஐந்தாம் சந்திர மாதம் 23-ஆம் நாள் தொடங்கித் தெருத்தெருவாகப் படையல் வைக்கிறார்கள். பக்கத்தில் சின்னதாக ஒரு நெருப்பு மூட்டுவார்கள். தண்ணீரில் குதித்துச் செத்தவர்களுக்குக் குளிருமாம். 140 ஆண்டுகளுக்கு முன் செத்தவர்களின் குளிரைப் பற்றி இன்றைக்கும் கவலைப்படுகிற ஊர் அது.

இதே ஊரில்தான் 1968 தேத் புத்தாண்டுத் தாக்குதலின்போது ஒரு மாதம் சண்டை நடந்தது. பொதுமக்கள் குண்டுவீச்சில் செத்தார்கள், நகரைப் பிடித்திருந்த கம்யூனிஸ்ட் படைகளின் கையாலும் செத்தார்கள். பின்னால் கூட்டுப் புதைகுழிகள் கண்டெடுக்கப்பட்டன. அரசு நினைவு விழாக்களில் அந்தப் புதைகுழிகளைப் பற்றிப் பேச்சு வராது. ஆனால் புத்தாண்டு முடிந்த நாட்களில் ஹுவேயில் வீட்டுக்கு வீடு திதி வருகிறது. யாரும் எதையும் விளக்கமாட்டார்கள். சாப்பாடு வைப்பார்கள், ஊதுபத்தி ஏற்றுவார்கள்.

யாரிடமாவது தவறாக ஏதாவது கேட்டுவிட்டீர்களா?

ஆமாம். நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டியிடம், வந்த இரண்டாவது வாரத்திலேயே, சாப்பாட்டு மேசையில், 'போரில் நீங்கள் எந்தப் பக்கம்?' என்று கேட்டேன். பேத்தி அதை மொழிபெயர்க்கவே தயங்கினாள். பாட்டி என் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் கீரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த வீட்டில் அதற்குமேல் என் நினைவில் நிற்கும் அவமானம் வேறு இல்லை.

ஒரு மாதம் கழித்து அவரே என்னைப் பீடத்தின் முன் கூப்பிட்டார். அவருடைய மூத்த அண்ணன் 1954-இல், நாடு பதினேழாவது அட்சரேகையில் பிரிந்தபோது, வடக்கே போனவர். 1975-க்குப் பிறகு ஒரு சான்றிதழ்தான் வந்தது, 'தாய்நாடு உன் தியாகத்தைக் குறித்து வைத்திருக்கிறது' என்று சிவப்பும் பொன்னிறமுமாக. அது சட்டம் போட்டு மேலே தொங்குகிறது. எங்கே எப்போது செத்தார் என்று தெரியாது. சின்ன அண்ணனை சைகோன் ராணுவம் கட்டாயமாக எடுத்துக்கொண்டது. 1972-இல் குவாங் திரியில் போய்விட்டார். அவருடைய படம் கழுத்தோடு வெட்டப்பட்டிருந்தது. சீருடை தெரியாமல் இருக்கத்தான். இரண்டு படங்களுக்கும் முன்னால் ஒரே ஊதுபத்திக் கிண்ணம்.

தோற்ற பக்கத்தில் இருந்தவர்களைப் பற்றிப் பேசலாமா?

பொது இடத்தில் நீங்களாகத் தொடங்காதீர்கள். 1975-க்குப் பிறகு தெற்கு அதிகாரிகளும் சிப்பாய்களும் 'மறுகல்வி' முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள், சிலர் பத்து ஆண்டுக்கும் மேல். லட்சக்கணக்கானோர் படகில் நாட்டைவிட்டுப் போனார்கள், கடலில் மாண்டவர்கள் ஏராளம். தெற்கு ராணுவத்தின் இடுகாடு பியென் ஹோவா நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீண்ட காலம் ராணுவக் கட்டுப்பாட்டில் மூடிக் கிடந்து, 2006-இல்தான் பொது இடுகாடாக மாற்றப்பட்டது. வெற்றி பெற்றவர்களின் தியாகிகளுக்குக் கிடைத்த மரியாதை இவர்களுக்குக் கிடைக்கவில்லை. இலங்கையிலிருந்து வரும் நம் நண்பர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

போர் எச்சங்கள் அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டுமா? அது பிரசாரம் என்கிறார்களே?

போங்கள். ஹோ சி மின் நகரத்தில் 1975 செப்டம்பரில் 'அமெரிக்க, பொம்மை அரசுக் குற்றங்களின் காட்சியகம்' என்ற பெயரில் தொடங்கியது. பெயர் இரண்டு தடவை மென்மையாகி, 1995-இல் இப்போதைய பெயருக்கு வந்தது. ஒரு பக்கத்தின் கதையைத்தான் சொல்கிறது என்பது உண்மை. 1968 ஹுவே புதைகுழிகளும் முகாம்களும் அங்கே இல்லை. ஆனால் அங்கே இருப்பவை பொய் இல்லை. 1961 முதல் 1971 வரை 7 கோடி லிட்டருக்கு மேல் களைக்கொல்லி வானிலிருந்து தெளிக்கப்பட்டது. அதில் ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியில் கலந்திருந்த டயாக்ஸின் நச்சு மண்ணிலும் உடம்பிலும் தங்கியது. 1968 மார்ச் 16 அன்று மீ லாயிலும் சுற்றுப்புறத்திலும் அமெரிக்கச் சிப்பாய்கள் கொன்றவர்களின் பெயர்ப்பட்டியலில், குழந்தைகளும் கிழவிகளும் சேர்த்து, 504 பேர்.

அன்று மாலைக்கு வேறு எந்தத் திட்டமும் வைக்காதீர்கள்.

சுரங்கங்களுக்கு?

கு சியை விட வின் மோக் எனக்கு முக்கியமாகப் பட்டது. கு சி போரிட்டவர்களின் சுரங்கம். வின் மோக்கில் ஒரு கடலோரக் கிராமமே குண்டுக்குப் பயந்து தரைக்கடியில் வாழ்ந்தது, அங்கே 17 குழந்தைகள் பிறந்தன. குவாங் திரிப் பக்கம் போனால் பாதையை விட்டு விலகாதீர்கள், தரையில் கிடக்கும் எந்த இரும்பையும் தொடாதீர்கள். வெடிக்காத குண்டுகள் இன்னும் இருக்கின்றன. 1972-இல் 81 நாள் சண்டை நடந்த குவாங் திரிக் கோட்டையின் பக்கத்தில் தாக் ஹான் ஆறு ஓடுகிறது. தியாகிகள் நாளான ஜூலை 27-ஐ ஒட்டி அந்த ஆற்றில் விளக்கும் பூவும் மிதக்கவிடுவார்கள். ஆற்றின் அடியிலேயே பலர் கிடக்கிறார்கள்.

துறவிகளிடம் அரசியல் பேசலாமா?

வேண்டாம். அவர்களுக்குத்தான் சிக்கல். 1981 முதல் அரசு அங்கீகரித்த ஒரே பௌத்த சங்கம்தான். அதில் சேர மறுத்தவர்களில் சிலர் பல ஆண்டுகள் வீட்டுக்காவலில் இருந்தார்கள். திக் நியாட் ஹான் 1966-இல் அமைதி கேட்டு வெளிநாடு போனவர், 2005 வரை திரும்ப முடியவில்லை. கடைசியில் தான் சிறுவனாகத் துறவு பூண்ட ஹுவேயின் து ஹியெவ் கோயிலுக்கே வந்து, 2022 ஜனவரியில் அங்கே காலமானார். அந்தக் கோயிலுக்குக் காலையில் போங்கள்.

அங்கே நம் ஆட்கள் கோயில் இருக்கிறதா?

ஹோ சி மின் நகரத்தில் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில், திருவோங் டின் தெருவில், மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நம் ஆட்கள் கட்டியது. வட்டித் தொழிலுக்குப் போன நகரத்தார் அன்றைக்கு அங்கே நிறைய இருந்தார்கள். 1975-ஐ ஒட்டி அநேகமாக எல்லோரும் திரும்பிவிட்டார்கள், அம்மன் திரும்பவில்லை. இப்போது கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர். கருவறைக்குப் பின்சுவரில் நெற்றியை வைத்து வேண்டுதலை மெதுவாகச் சொல்கிறார்கள். அவர்கள் அதை 'இந்திய அம்மன் கோயில்' என்கிறார்கள்.

சைவச் சாப்பாடு?

'கோம் சாய்' என்று பலகை இருந்தால் சைவம். ஹுவேயில் நிறையவே உண்டு.

சரி, பெரியவர்களிடம் போரைப் பற்றி எப்படித்தான் கேட்பது?

கேட்காதீர்கள். முதலில் அவர்கள் உங்கள் வயதைக் கேட்பார்கள், சொல்லுங்கள். எந்த உறவுமுறை வைத்துக் கூப்பிடுவது என்று முடிவுசெய்யத்தான் கேட்கிறார்கள், நாம் அக்கா, சித்தி, பாட்டி என்பதுபோல. உறவுமுறை அமைந்த பிறகு, அனுமதி கேட்டு, வீட்டுப் பீடத்துக்கு ஓர் ஊதுபத்தி ஏற்றுங்கள். அப்புறம் படத்தில் இருப்பவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று கேளுங்கள். திதிக்கு அவருக்குப் பிடித்ததைத்தான் படைப்பார்கள், அதனால் எல்லோரிடமும் அதற்குப் பதில் இருக்கும்.

எங்கள் பாட்டியிடம் நான் கேட்டேன். சின்ன அண்ணனுக்கு ஹுவேயின் சிப்பி சாதம், நல்ல காரத்தோடு. மூத்தவர் வீட்டைவிட்டுப் போகும்போது பாட்டிக்கு நாலு வயது, முகமே நினைவில்லை. இறந்த தேதி தெரியாததால் அவர் புறப்பட்டுப் போன நாளையே திதியாக வைத்திருக்கிறார்கள். அவருக்குத் தன் அம்மா வைத்ததைப் பார்த்து இவரும் அதையே வைக்கிறார். அதுவும் சிப்பி சாதம்தான், மிளகாய் இல்லாமல்.